கையொப்பம் இடவேண்டிய இடம்

சனிக்கிழமை. எம்மெ ஆற்றின் அக்கரையில்
சுடுதிடல் திரும்பவும் தொடங்கிவிட்டது.
பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை சுடக்கூடாது,
ஊர் சாப்பிடுகிற நேரம்.
வெங்காயம் உரித்தபடி
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
இனி ஆள் மாறும்.
எண்ணவேண்டுமென்று நான் எண்ணுவதில்லை.

மேசையில் சாம்பல்நிற உறை.
வீடுகளில் உள்ள படைத்துவக்குகளை
கிடங்குக்குத் திருப்பிவிடலாமா என்று
பூர்க்டோர்ஃபில் என்னையும் ஒரு ஆளாய் மதித்துக் கேட்கிறார்கள்.
பெட்டிக்குள் கையாலேயே எழுதவேணும், யா அல்லது நைன்.
புள்ளடி போட்டால் செல்லாது.

மேல்மாடி லைபுண்ட்கூட்
சூட்டுச் சங்கத்தின் பொருளாளர்.
அவர் பெயருக்கு
உடலும் உடைமையும் என்று அர்த்தமாம்.
எங்கள் குடியுரிமைக்கு நற்சான்று எழுதித்தந்தவர்.
போன கிழமை பிளம்ஸ் கேக்கோடு வந்து
அரசு தன் குடிமகனை நம்புகிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார்.
நம்பிக்கையைக் கிடங்கில் பூட்டிவைக்க முடியுமா
ஃப்ராவ் தர்ஷினி?
கேக் நல்லாயிருந்தது.

கரடி விடுதி மண்டபத்தில் கூட்டம்.
சட்டத்தரணி ஒருவர் புள்ளிவிவரம் காட்டினார்,
இன்னொருவர் அதே புள்ளிவிவரத்தைத் திருப்பிக் காட்டினார்.
பின்வரிசையில் எவனோ,
முதலில் வந்தேறிகளின் கத்திகளை எண்ணுங்கள் என்றான்.
சிலர் சிரித்தார்கள்,
சிலர் பியர்க் குவளைக்குள் பார்த்தார்கள்.

அப்போதுதான் ரெகுலா எழும்பினாள்.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் என்னோடு
ஒன்பது வருடமாய்ப் போர்வை மடிப்பவள்,
என் மூலைகள் சரியில்லை என்று பிரித்து மடிப்பவள்.
என் தம்பி நவம்பரில், மாட்டுக்கொட்டிலில் என்றாள்.
அலுமாரி பத்தடி தள்ளியிருந்தது, கிடங்கு
பதினெட்டுக் கிலோமீற்றர் என்றாள்.
இருந்துவிட்டாள்.
அதற்கு யாரும் புள்ளிவிவரம் காட்டவில்லை.

எங்கள் அலுமாரியிலும் ஒன்று நிற்கிறது,
குளிர்கோட்டுகளுக்குப் பின்னால்.
அதன் போல்ட் மட்டும் தனியே
நிரூபனின் காலுறை இழுப்பறையில்.
ஏழு வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கொப்பியில்
"எழுதத் துவக்கு" என்று ரீச்சர் போட்ட கட்டளைக்குப் பக்கத்தில்
துவக்கு ஒன்று கீறிவைத்திருந்தான்.
அவனைக் குற்றம் சொல்ல ஏலாது.
எங்கள் பேச்சில்
ஆரம்பி என்பதற்கும் அந்தச் சாமானுக்கும்
ஒரே சொல்.
நிறுத்து என்பதற்கு வேறு சொல் தேடவேணும்.

நேற்றிரவு குசினி மேசையில்
பழைய துவாய் விரித்துக் கழற்றித் துடைத்தான்.
கைப்பேசியில் விளக்கப்படம்.
சுருள்வில்லை வைத்து அழுத்தினான், அது துள்ளி
உப்புப்போத்தலில் பட்டது.
திரும்ப வைத்தான். திரும்பவும் துள்ளியது.
வேறு நாட்டுச் செய்பொருள்,
ஆனால் இரும்புக்கு எங்கும் ஒரே இலக்கணம்.
என் வலது கை
என்னைக் கேளாமலே நீண்டு
பாதி மேசை வரை போய்விட்டது.

என்னம்மா?

ஒன்றுமில்லை.
எண்ணெய் மேசைவிரிப்பில் படப்போகுது.

கேள்விக்குப் பதில் சுலபமாயிருந்தது.
யா. இரண்டே எழுத்து, அமத்தி எழுதினேன்.
சிக்கல் அடுத்த அட்டையில்,
கையொப்பம் இடவேண்டிய இடத்தில்.
அப்பா வைத்த பெயர் ஒன்று.
கடவுச்சீட்டில் பாதியாய்க் குறைந்த பெயர் ஒன்று.
பேனை போட்டதோ
மூன்றாவதின் முதலெழுத்தை.
பதினேழு வயதில் தந்து
இருபதில் காட்டோரம் நான் விட்டுவந்த பெயர்.
அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில்
ஒருத்தி மட்டும் எங்கோ இருப்பதாய்க் கேள்வி.
எழுத்தின் வாலை இழுத்து வளைத்து
ஒருமாதிரி ஜெர்மன் எழுத்தாக்கினேன்.
செல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

கேக் தட்டைக் கழுவித் துடைத்து
மேல்மாடிக்குக் கொண்டுபோனேன்.
வாக்குப் போட்டாயிற்றா என்றார் லைபுண்ட்கூட்.
போட்டாயிற்று.
எதுவென்று கேட்கவில்லை. இங்கே கேட்கமாட்டார்கள்,
அது மரியாதை.
மற்றதையும் அப்படித்தான்
இருபத்தெட்டு வருடமாய் யாரும் கேட்கவில்லை.